கண்ணாடிக் கடையில் நாலு மணி

கிளிநொச்சியில் கோப்பி குடிக்க ஸ்ரைலான கடை ஒன்று வந்திருக்கிறதாமே, உண்மையா, போனால் படம் எடுக்கலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். உண்மைதான். படமும் எடுக்கலாம். இந்த மாசி மாதத்தில், 2004இல், ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறிச் சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் நின்றேன். ஆனால் கோப்பிக்காக இவ்வளவு தூரம் போனேன் என்று சொன்னால் என் மனைவியே நம்ப மாட்டாள். போனது குகனுக்காக.

குகன் என் மாமியின் மகன். கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் வீட்டுப் படம் வரைகிறான். அடுத்த வருசம் நாற்பது. நல்லவன், ஆனால் ஒரு கடையில் மிச்சக்காசு குறைந்தால் கேட்கக்கூட வெட்கப்படுகிற ஆள். இரண்டு சம்பந்தம் பேசி இரண்டும் கைநழுவிப் போயிற்று. மூன்றாவதாக மாமி பிடித்தது கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்தில் ஒரு ரீச்சர். பெயர் வதனி, கணிதம் படிப்பிக்கிறா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து வயல் செய்கிற குடும்பம். இதுவும் சரிவராவிட்டால் இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று குகன் தாயிடம் சொல்லிவிட்டான். அவன் அப்படிக் கறாராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமி எனக்குப் போன் எடுத்து அழுதா.

பெண் பார்க்க வீட்டுக்கு வரக்கூடாது என்பது ரீச்சரின் நிபந்தனை. ஏற்கெனவே மூன்று கூட்டம் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, "பிறகு சொல்லுறம்" என்று எழும்பிப் போனதாம். கூட்டம் போன அன்றே ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். கிளிநொச்சியில் கண்ணாடிக் கடை என்று ஒரு கோப்பிக்கடை இருக்கிறது, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அங்கே தனியாக வரட்டும் என்று அவாவே வெள்ளவத்தைக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறா. குகன் "ஓம்" என்று மட்டும் சொன்னானாம். தனியாக வரச் சொன்ன இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனதில் இருந்தே அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு விளங்கும்.

இனிப் பயணம். வெள்ளவத்தையில் இரவு 9.30க்கு பஸ், ஆளுக்கு 350 ரூபா. வவுனியா ஏறத்தாழ 255 கிலோமீற்றர். காலை 5 மணிக்கு இறக்கிவிட்டான். பஸ் நிலையத்துக்கு அருகிலே தோசை, சம்பல், பிளேன் ரீ, எல்லாம் சேர்த்து 45 ரூபா. குகன் ஒரு தோசையோடு கையைக் கழுவிவிட்டான். "வயிறு சரியில்லை மச்சான்" என்றான். வயிற்றில் ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது.

வவுனியாவிலிருந்து ஓமந்தைக்கு 16 கிலோமீற்றர், மினிபஸ்ஸில் 25 ரூபா. அங்கே இறங்கி ஆமியிடம் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத நிலத்துண்டை நடந்து கடந்து, அந்தப் பக்கத்தில் இயக்கத்தின் சாவடியில் திரும்பவும் பையைத் திறந்து அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். என்னுடைய கமெராவை இரண்டு பக்கமும் ஆற அமரப் பார்த்தார்கள். டிஜிற்றல் கமெரா, எடுத்த படத்தை உடனே திரையில் பார்க்கலாம் என்று காட்டினேன். அந்தப் பக்கத்துத் தம்பி தன்னையே ஒன்று எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, "கறுப்பாத் தெரியுது" என்று அழிக்கச் சொன்னார்.

முதல் தடவை போகிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விசயம் ஒன்று இருக்கிறது. ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். கொழும்பில் எட்டு வருசத்துக்கு முதல் நேரத்தை மாற்றினார்கள் அல்லவா, வன்னியில் அதை ஏற்கவில்லை. கொழும்பில் ஓடுவது புதிய நேரம், வன்னியில் பழைய நேரம். கொழும்பில் நாலு மணி அடிக்கும்போது கிளிநொச்சியில் மூன்றரை. மினிபஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் கையைத் தூக்கி மணிக்கூட்டைத் திருப்புவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். குகன் தன்னுடையதைத் திருப்பிவிட்டு, என்னுடையதையும் பிடித்துச் சரிபார்த்தான். அவன் படம் வரைகிற ஆள், எல்லாம் கோட்டில் இருக்க வேண்டும்.

"அவா சொன்ன நாலு மணி எந்த நாலு மணி?" என்று கேட்டேன்.

"அங்கத்தைய ஆள்தானே. அவையின்ர நேரத்தைத்தான் சொல்லியிருப்பா."

"கேட்டனியோ?"

"கேக்கேல்லை. ரீச்சரிட்ட அப்பிடிக் கேக்கிறதே?"

இந்தக் கதையில் கோளாறு எங்கே பிறந்தது என்று பிறகு யோசித்தால், இங்கேதான். அந்த நேரத்தில் எனக்கும் அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. யாருடைய ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரின் நேரத்துக்குப் போவதுதானே மரியாதை.

ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு இன்னும் 60 கிலோமீற்றர் வரும், மினிபஸ் 120 ரூபா. கண்டி வீதி முன்னைக்குப் பரவாயில்லை. ஆனாலும் இறங்கும்போது என் வெள்ளைச் சேட்டு செங்கல் நிறம். பழைய நேரம் 11.45க்குப் போய்ச் சேர்ந்தோம். வீதியோரத்து விடுதியில் இரண்டு கட்டில் அறை 400 ரூபா, வாளித் தண்ணீர், கரண்ட் இரவு பத்து மணி வரைக்கும். குளித்துவிட்டு மத்தியானம் மீன் சோறு, 70 ரூபா. பாரை மீன் குழம்பு. அதை எழுத வெளிக்கிட்டால் கோப்பிக்கு வந்து சேர மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வீதியில் இறங்கினால், படம் எடுக்கிறவர்களுக்கு அது சொர்க்கம். இரண்டு வருசம் சண்டை இல்லாததில் கண்டி வீதியின் இரண்டு பக்கமும் கடைகள் முளைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் புதுப் பெயின்ற். ஒரு நகைக்கடை முழுக்க ரோஸ் நிறம், அதை ஒட்டிக் கூரையில்லாமல் துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவர் ஒன்று, அந்தச் சுவரில் ஒருவர் சாறிகளை விரித்துத் தொங்கவிட்டு விற்கிறார். பச்சைக்கடைக்குப் பக்கத்தில் ஊதாக்கடை. சைக்கிள் கடைக்காரர் றிம்முகளை வேப்பமரத்தில் மாட்டியிருக்கிறார், வெயில் பட்டுப் பளபளக்கிறது. ஆட்கள் கமெராவைக் கண்டு முகத்தைத் திருப்பவில்லை. "எந்தப் பேப்பருக்கு?" என்று கேட்டார்கள். வலைப்பதிவு என்றால் என்ன என்று சாறிக்காரருக்கு விளக்கி முடிக்கப் பத்து நிமிசம் போயிற்று. கடைசியில் அவர், "சரி, காசு வராத பேப்பர்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மூன்றரை இருக்கும். கண்ணாடிக் கடை வீதியின் மறுகரையில் தெரிந்தது. நேரத்தோடு போய் உட்காருவோம் என்றேன். குகன் மறுத்துவிட்டான். "அரை மணித்தியாலம் முன்னுக்குப் போய்க் கண்ணாடிக்குள்ள குந்தியிருந்தால் சனம் என்ன நினைக்கும்" என்றான். எதிர்ப்பக்கத்துச் சலூனில் போய்ச் சவரம் செய்யக் குந்திவிட்டான். காலையில்தான் வவுனியாவில் சவரம் செய்தவன். சலூன்காரருக்கே மழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நான் வாசலில் நின்று கடையை நாலைந்து படம் எடுத்தேன்.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்ப்பலகையில் "நவாஸ் கோப்பி" என்றுதான் இருக்கிறது. ஊருக்குள் கண்ணாடிக் கடை என்றால்தான் தெரியும். முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி, ஆள் உயரத்துக்கு மேலே. கிளிநொச்சியில் முழுசாக ஒரு யன்னல் கண்ணாடி தப்பிய வீடு எனக்குத் தெரிய இல்லை, அங்கே கொண்டுவந்து இதை வைத்திருக்கிறார் மனிசன். உள்ளே மூன்று சுவருக்குக் கடும் நீலம். நாலாவது சுவர் பழைய கட்டடத்தினுடையது, சன்னம் பட்ட ஓட்டைகளை அடைக்காமல் வெள்ளையடித்து, ஓட்டைக்கு ஒரு சின்னப் போத்தலாகச் செருகி, போத்தலுக்குள் கொடி வளர்த்திருக்கிறார். விளக்குகளுக்கு மூடியாகத் தொங்குவது மீன் பிடிக்கிற கரப்பு. மேசைகள் பனங்குற்றி, மேலே வார்னிஷ். கொழும்பில் இதைச் செய்தால் கோப்பிக்கு 200 ரூபா கேட்பார்கள்.

வாசலில் வரிசையாகச் செருப்பு. உள்ளே பளிங்கு மாதிரித் தரை, அதனால் வருகிற சனம் எல்லாம் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறது. போட்டுக்கொண்டு வரலாம் என்று எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை. செருப்பு வரிசையைக் கண்டு கோயில் என்று நினைத்து ஒருவர் வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டாம். நாங்கள் ஏறும்போது பழைய நேரம் நாலு மணி ஐந்து நிமிசம். குகனும் புதுச் சப்பாத்தைக் கழற்றி, குதிக்கால்கள் ஒட்டி நிற்கும்படி வரிசையில் வைத்தான்.

வெறும் கோப்பி 10 ரூபா, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி வரும், அதைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். பால் கோப்பி 20. ஐஸ் கோப்பி 40, ஆனால் ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்தில் மட்டும். இனிப்புக்கு வட்டிலப்பம் 30. கொட்டையைப் பின்பக்கத்தில் வறுத்து உடனே இடிக்கிறார்கள், அந்த வாசம் வீதி வரைக்கும் வரும். இரண்டு வெறும் கோப்பிக்குச் சொன்னோம். கொண்டுவந்து வைத்தவர்தான் முதலாளி நவாஸ் நானா, அறுபது வயதிருக்கும், சாரமும் மடித்து விட்ட முழுக்கைச் சேட்டும். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாரோடும் வெளியேற வேண்டி வந்து, புத்தளத்தில் பன்னிரண்டு வருசம் இருந்து, சண்டை நின்று பாதை திறந்ததும் வந்தவர். "ஊரில காணிக்குள்ள கிணறு ஒண்டுதான் மிச்சம். அதான் ஆள் புழங்கிற இடத்தில வந்து போட்டிருக்கன்" என்றார்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். வவுனியாவிலிருந்து லொறியில் இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்ததாம், மருமகன் வழி முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாராம். இரண்டு சாவடியிலும் மெத்தையை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த ஊரில கண்ணாடி போடாதேங்கோ எண்டு எல்லாரும் சொன்னவை தம்பி. உடைஞ்சா இன்னொண்டு போடுவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அந்த ஓட்டைகளுக்குள் போத்தல் வைத்தது நல்ல யோசனை" என்றேன்.

"சீமெந்து என்ன விலை தம்பி" என்றார் நானா.

குகனுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. பனங்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தான். கட்டி உருகி விரலில் ஒட்டியது. வீதியில் போகிறவர்கள் எல்லாரும் கண்ணாடிக்குள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். "வரமாட்டா மச்சான்" என்றான். "என்ர படத்தைப் பாத்திட்டு வேண்டாம் எண்டிருப்பா. எழும்புவம்." ஐந்து நிமிசம் பொறு என்றேன். அவனுடைய காதெல்லாம் சிவந்திருந்தது. மாமிக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வசனம் தேடத் தொடங்கிவிட்டேன்.

நானா மேசையைத் துடைக்க வந்தவர், "ஆரையும் பாத்துக்கொண்டிருக்கிறியளோ தம்பி?" என்று கேட்டார்.

"ஜெயபுரத்தில இருந்து ஒரு ரீச்சர் வாறன் எண்டவா" என்றேன் நான்.

நானா துணியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன தம்பி இது. அவா மூண்டரைக்கே வந்தவா. கொழும்பில இருந்து ஒராள் வருவார், தனியா வருவார் எண்டு சொன்னவா. நீங்க ரெண்டு பேர், அதால நான் கவனிக்கேல்லை. நாலு மணி வரைக்கும் இந்தக் கதிரையிலதான் இருந்தவா. இப்ப நீங்க ஏறேக்கதான் பின்வாசலால பஸ்ஸுக்கு இறங்கிப் போறா."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கொழும்பில் நாலு மணி, இங்கே மூன்றரை. கொழும்புக்காரன் கொழும்பு நேரத்தில்தான் வருவான், அவனை அலைக்கழிக்கக் கூடாது என்று ரீச்சர் எங்கள் நேரத்துக்கு வந்திருக்கிறா. அவாவின் நேரத்துக்குப் போவதுதான் மரியாதை என்று நாங்கள் அவாவின் நேரத்துக்கு வந்திருக்கிறோம். மரியாதை பார்த்துப் பார்த்தே இரண்டு பேரும் ஆளை ஆள் காணாமல் போயிற்று.

கமெராவை எடுத்து, சலூன் வாசலில் நின்று எடுத்த படங்களைத் திரையில் ஓட்டினேன். மூன்றாவது படத்தில் கண்ணாடிக்குப் பின்னால், இதே மேசையில், பச்சைக்கரைச் சாறியோடு ஒரு பெண். முன்னால் கோப்பி, மடியில் பை, முகம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி.

"இவாவோ?" என்று நானாவிடம் காட்டினேன்.

"இவாதான். அந்தக் கோப்பியை ஆற வைச்சு, குடிக்காமலே காசு வைச்சிட்டுப் போனவா."

குகன் கமெராவை வாங்கிப் பார்த்தான். கிட்ட வைத்துப் பார்த்தான். அவன் வேலை செய்யும்போது வரைந்த கோட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.

"நாலேகால். அதுதான் கடைசி. போனா இனி நாளைக்குக் காலமைதான்."

சுவர் மணிக்கூடு 4.14 காட்டியது. மிச்சக்காசு கேட்க வெட்கப்படுகிற என் மச்சான், கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கினான். வெறுங்காலோடு. ரோஸ் நகைக்கடையையும் சாறிச் சுவரையும் தாண்டி, வெயிலில் கொதிக்கிற தாரில் ஓடுகிறான். நான் அவனுடைய சப்பாத்தை ஒரு கையிலும் என் செருப்பை மறுகையிலும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். எதற்கு என் செருப்பைப் போடாமல் கையில் எடுத்தேன் என்று இன்றுவரைக்கும் விளங்கவில்லை. சைக்கிள் கடைக்காரர், "பிடியுங்கோ, கள்ளனோ?" என்று கேட்டார். "இல்லையண்ணை, மாப்பிள்ளை" என்று கத்திவிட்டு ஓடினேன்.

நல்ல காலம், பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை. கூரையில் உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர, குகன் உள்ளே ஏறிவிட்டான். யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பஸ் நிறையச் சனம். ரீச்சர் நடுவில் இரண்டுபேர் இருக்கையில், பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு இருந்தா. குகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று மூச்சு வாங்கினான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் குகன். கொழும்பில இருந்து. நாலு மணிக்கு வந்தனான்" என்றான்.

ரீச்சர் அவனுடைய காலைப் பார்த்தா. பிறகு முகத்தைப் பார்த்தா. "உங்கட நாலுக்கோ, எங்கட நாலுக்கோ?"

"உங்கட நாலுக்கு."

"நான் உங்கட நாலுக்கு வந்தனான்" என்றா ரீச்சர்.

முன்இருக்கையில் இருந்த ஒரு அம்மா வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தா. ரீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தா, முடியவில்லை. பையை எடுத்து மடியில் வைத்தா. "இருங்கோ. டிக்கற் எடுத்திட்டியளோ?" என்று கேட்டா.

பஸ் புறப்பட்டுவிட்டது. நான் கூடவே ஓடி, மிதிபலகையில் நின்ற கண்டக்ரர் தம்பியிடம் சப்பாத்தை எறிந்தேன். ஒன்றை அவர் பிடித்தார், மற்றது உரமூட்டையில் பட்டுப் படிக்குள் விழுந்தது. "ஆருக்கு அண்ணை?" என்றார். "ரீச்சருக்குப் பக்கத்தில இருக்கிறவருக்கு" என்றேன். பஸ்ஸுக்குள் பெரிய சிரிப்புச் சத்தம். தூசியில் அது மறையும்வரை நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு பஸ்ஸைப் பார்த்ததில்லை.

திரும்பிக் கண்ணாடிக் கடைக்கு வந்தேன். இரண்டு கோப்பியும் ஆறிப்போயிருந்தன. நானா அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்று போட்டு, ஒரு வட்டிலப்பமும் வைத்தார். காசு வாங்கவில்லை. வீதிக்கு நடந்ததெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது, சலூன்காரரே வந்து, "நான் செய்த சவரம் பரவாயில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரீச்சர் ஏன் இந்தக் கடையைத் தெரிந்தெடுத்தா என்று நானாவிடம் கேட்டேன். அவாவிடம் தானும் அதைக் கேட்டதாகச் சொன்னார். "ஒளிஞ்சு சந்திச்சால் கதை வரும், கண்ணாடிக்குள்ள எல்லாரும் பாக்க இருந்தால் என்ன கதை வரப்போகுது எண்டு சொன்னவா தம்பி. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. உங்கட ஆள் எப்பிடி?" என்றார். "நல்லவன் நானா, கொஞ்சம் மெதுவு" என்றேன். "மெதுவோ? இப்ப ஓடினதைப் பாத்தனே" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசமெல்லாம் ஏழு மணியோடு வடிந்துவிட்டது. ஜெயபுரம் அக்கராயன் பக்கத்தால் போக முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, திரும்பி வர பஸ் இல்லை, அழைக்காத வீட்டுக்கு ஒரு ஆம்பிளை போய் இறங்கியிருக்கிறான். தகப்பன் என்ன சொன்னாரோ. வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னதே அந்தப் பிள்ளைதான். பஸ்ஸில் சிரித்தது வேறு, வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. வன்னியில் ஒருவரிடமும் கைத்தொலைபேசி இல்லை, கேட்டுப் பார்க்க வழியில்லை.

பயணக் குறிப்புகளை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். குகனின் கதை முடிந்தால் நீங்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். அடையாள அட்டை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். ஓமந்தையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், பின்னேரம் மூடிவிடுவார்கள். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு நாள் என்றோம், சாவடித் தம்பி தானாகவே ஒரு கிழமை போட்டுத் தந்தார், அது எவ்வளவு உதவியென்று பிறகுதான் தெரிந்தது. சாவடியையும் சீருடையில் நிற்பவர்களையும் படம் எடுக்காதீர்கள். நல்ல காட்சி என்று வீதியை விட்டுக் காணிக்குள் கால் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிதிவெடி இருக்கும் என்றே நினையுங்கள். கண்ணாடிக் கடைக்குப் பின்னேரம் நாலிலிருந்து ஐந்துக்குள் போனால் வெயில் சாய்ந்து கண்ணாடி வழியாக நீலச் சுவரில் விழும், படத்துக்கு அதுதான் நேரம். பழைய நேரம். யாரையாவது சந்திக்க ஏற்பாடு செய்தால் எந்த நேரம் என்று வாயைத் திறந்து கேளுங்கள், மரியாதை ஒன்றும் குறையாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே பஸ் நிலையத்தில் போய் நின்றேன். ஜெயபுரம் பஸ் 8.40க்கு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மீன் பெட்டியோடு ஒருவர், கோழிகளோடு ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். குகன் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன், வெறும் இருக்கைகள்.

கண்டக்ரர் தம்பி என்னை அடையாளம் கண்டு இறங்கி வந்தார். "அண்ணை, உங்கட மச்சான் வரேல்லை. உங்களைப் போகட்டாம். தான் புதன்கிழமை வாறாராம்."

"ஏன், என்ன நடந்தது? வீட்டுக்காரர் ஏதும் சொன்னவையோ?"

"ராத்திரி ரீச்சரின்ர சித்தப்பா வீட்டிலதான் படுத்தவர். அங்க வயலில நெல்லு அருவி வெட்டு நடக்குது அண்ணை."

"அதுக்கு இவன் என்ன செய்யிறான்? ஒரு மூலையில இருத்தி வைச்சிருக்கினமோ?"

தம்பி சிரித்தார். "இருத்தி வைக்கிறதோ? பிறத்தி ஆள் எண்டால் கதிரை போட்டு இருத்தி இளநி வெட்டிக் குடுத்திருப்பினம். காலமை பஸ் எடுக்கேக்க பாத்தனான். ரீச்சரின்ர அப்பா இவற்ற கையில அரிவாளைக் குடுத்து வயலுக்க இறக்கிப்போட்டார். ரீச்சர் பக்கத்து நிரையில நிண்டு வெட்டுறா. இவர் ஒரு பிடி வெட்டேக்க அவா பத்துப் பிடி வெட்டுறா."

தொலைத்தொடர்பு நிலையம் ஒன்பதுக்குத் திறந்தது. வெள்ளவத்தைக்கு இணைப்புக் கிடைக்க அரை மணித்தியாலம். மாமிதான் எடுத்தா. இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "என்னடா தம்பி, என்னவாம்? எங்க அவன்?" என்று கேட்டா.

"மாமி, குகன்ர கையில அரிவாள் குடுத்து வயலுக்க இறக்கிப்போட்டினம்."

மாமி வயல் வீட்டில் பிறந்து வளர்ந்தவா. என்னிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அழத் தொடங்கினா. இந்த முறை நான் அவாவை அழ விட்டுவிட்டுப் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.